சாவிக்கொத்து கை மாறும்போது...

"இதென்ன கூத்து! ஒரு மனுஷன் வேலையை விட்டுப் போறதுக்கா ஊரே இப்படி அழுவுது?" என்று என் கணவர் கேட்டபோது இரவு மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. 2024-ம் வருஷம் மே மாதம் 19-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாயை விரித்து, தாம்பூலப் பைகளில் மஞ்சள் கிழங்கும் குங்குமப் பொட்டலமும் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றே வாரத்தில் என் மகனுக்குக் கல்யாணம். கல்யாண மாப்பிள்ளையோ, ஒரு கை கொடுத்து உதவாமல், சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் கண் கலங்க உட்கார்ந்திருந்தான்!

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. ஆட்டத்தின் சட்டதிட்டமும் பாதிதான் தெரியும். ஆனால் பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். பதினைந்து வருஷமாக இங்கிலாந்து லீக் ஆட்டங்களை அவன் பார்க்க, பக்கத்தில் நான் கீரை ஆய்ந்து, பூண்டு உரித்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊர்க் கதையெல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது.

லிவர்பூல் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அந்த ஊர்க் குழுவுக்கு 2015 அக்டோபரில் மேனேஜராக வந்தார் யூர்கன் குளோப் என்ற ஜெர்மானியர். 2019-ல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வாங்கித் தந்தார். 30 வருஷமாகக் கைக்கு எட்டாமல் இருந்த லீக் பட்டத்தை 2020-ல் கொண்டுவந்தார். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அப்பேர்ப்பட்டவர் 2024 ஜனவரியில், "தெம்பு தீர்ந்துகொண்டு வருகிறது, இந்த சீசனோடு போகிறேன்" என்ற கருத்தில் அறிவித்துவிட்டார். அன்றைக்கு அவருடைய கடைசி ஆட்டம்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் நின்று மைக்கைப் பிடித்தார். தன்னைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், வரப்போகிற புது ஆளைப் பற்றிப் பேசினார். என்னை வரவேற்ற மாதிரியே அவரையும் வரவேற்க வேண்டும், முதல் நாளிலிருந்தே முழு மனசோடு நிற்க வேண்டும் என்றார். அதோடு விட்டாரா? புது ஆளின் பெயரை மெட்டுப் போட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டார்! "ஆர்னே ஸ்லாட்..." என்று அவர் எடுத்துக் கொடுக்க, அரங்கமே சேர்ந்து பாடியது. இத்தனைக்கும் குழுவின் முறையான அறிவிப்பு மறுநாள்தான் வந்தது.

குங்குமப் பொட்டலம் என் கையிலேயே நின்றுவிட்டது.

"மாமியார் ஒருத்தி, நாளைக்கு வரப்போற மருமக பேரை ஊரைக் கூட்டிப் பாடற மாதிரி இருக்குடா!" என்றேன்.

"அதேதாம்மா! மூணு வாரத்துலே நீயும் பாடணும்!" என்றான் மகன். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. அந்த ஜூன் மாதமே ஆர்னே ஸ்லாட்டும் லிவர்பூலில் பொறுப்பேற்றார். எங்கள் வீட்டிலும் ஒரு புது ஆள், அங்கேயும் ஒரு புது ஆள்!

ஸ்லாட் ஹாலந்துக்காரர். அங்கே ஃபெயனூர்ட் என்ற குழுவுக்கு 2023-ல் லீக் பட்டமும், 2024-ல் அந்நாட்டுக் கோப்பையும் வாங்கித் தந்தவர். வயது அப்போது 45. குளோப்புக்கு 'மேனேஜர்' என்று பெயர். இவருக்கோ 'தலைமைப் பயிற்சியாளர்' என்றுதான் பட்டம். என்னடா வித்தியாசம் என்று கேட்டேன். "பழைய காலத்து மேனேஜர் மளிகையும் வாங்கி, சமையலும் பண்ணுவாரும்மா. தலைமைப் பயிற்சியாளர்னா சமையல் மட்டும். யாரை விலைக்கு வாங்கணும்னு முடிவு பண்றதுக்கு வேற ஆள் இருக்காங்க. இவர் அபிப்பிராயம் சொல்லலாம், அவ்வளவுதான்" என்று என் பாஷையிலேயே விளக்கினான்.

ஆக, அடுத்தவர் வாங்கி நிரப்பிய டப்பாக்களை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கைப்பக்குவத்துக்குப் பழகிய நாக்குகளுக்குச் சமைக்க வேண்டும். எந்த வீட்டுப் புது மருமகளுக்கும் இது புரியும்!

எனக்கும் புரிந்திருக்க வேண்டும். 1988-ல் நானும் அப்படி வந்தவள்தானே? என் மாமியார் நல்ல மனுஷி. வந்த மறுவாரமே சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் சமையலறை வாசலில் ஒரு மர நாற்காலி இருக்கும். அதிலேதான் அவர் நாள் பூரா உட்கார்ந்திருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். புளி கரைக்கும்போது பார்ப்பார், தாளிக்கும்போது பார்ப்பார். சாப்பிட உட்காரும் மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் எனக்குச் சோறு இறங்காது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், ஐந்தாம் மாதம் திரும்ப வேண்டியவள், ஒன்பது மாதமாகியும் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பவில்லை. குழந்தைக்குச் சளி என்பேன், நாள் சரியில்லை என்பேன். உண்மையில் அந்த நாற்காலிக்கு முன்னால் மறுபடி போய் நிற்கத் தைரியமில்லை.

இத்தனையும் பட்டவள் நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுவீடு முடிந்து வந்த அன்றே பீரோ சாவியையும் மளிகை நோட்டையும் மருமகள் கையில் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. "நான் எங்க மாமியார் மாதிரி இல்லே, எதிலும் தலையிட மாட்டேன்" என்று தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாப்பாட்டு மேஜையில், சமையலறை நேராகத் தெரிகிற நாற்காலியில்தான் தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்தேன். அவள் வேலைக்குப் போகிற பெண். குக்கரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொரு பக்கம் தலை பின்னிக்கொண்டு அவசர அவசரமாக வேலை செய்வாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் சொன்னதில்லை. எப்போதாவது, "பெருங்காயம் போட்டியாம்மா?" என்று கேட்டிருப்பேன், அவ்வளவுதான்!

ஆகஸ்ட் மாதக் கடைசியில் மகன் என்னிடம் மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா, ஆபீஸ் பக்கத்துலே ஒரு சின்ன வீடு வாடகைக்கு வருதாம். அவளுக்கும் பஸ் அலைச்சல் குறையும். பாக்கலாமான்னு..." என்று இழுத்தான். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

பஸ் அலைச்சல் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? குழந்தைக்குச் சளி என்று ஒன்பது மாதம் சாக்குச் சொன்னவளாயிற்றே! ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன குறை வைத்தேன்? சாவியைக் கொடுக்கவில்லையா? ஒரு சுடுசொல் சொன்னதுண்டா? இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 1-ம் தேதி, லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஆட்டம். யுனைடெட்டின் சொந்த மைதானத்திலேயே லிவர்பூல் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. மனசு சரியில்லாமல், முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். தோற்றவர்களைப் பார்த்து என் கணவருக்கே பாவமாக இருந்தது. "பெரிய குழுன்னு சொல்லுவியேடா, ஏன் இப்படி ஆயிட்டாங்க?" என்று கேட்டார்.

மகன் பழைய கதையைச் சொன்னான். அந்தக் குழுவை 26 வருஷத்துக்கு மேல் கட்டி ஆண்டவர் அலெக்ஸ் ஃபெர்குசன். 2013 மே மாதம், லீக் பட்டத்தை ஜெயித்த கையோடு ஓய்வு பெற்றார். அவரே கை காட்டிய ஆள் டேவிட் மோயஸ். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எவர்ட்டன் குழுவை 11 வருஷம் நடத்தியவர். ஆறு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கடைசியாக மைதானத்தில் பேசிய ஃபெர்குசன், எனக்குக் கஷ்ட காலம் வந்தபோது கிளப்பும் பணியாளர்களும் ஆட்டக்காரர்களும் என் பக்கம் நின்றார்கள், இனிமேல் புது மேனேஜர் பக்கம் நிற்பதுதான் உங்கள் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மோயஸ் படத்தைப் போட்டுப் பெரிய பேனர்கூடக் கட்டினார்கள். ஆனால் பத்தே மாதம்! 2014 ஏப்ரல் 22-ம் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீசன் முடிந்தபோது குழு 7-ம் இடத்தில் இருந்தது.

"அவர் ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தானே போனார்? அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"எங்கேம்மா போனார்? அந்த மைதானத்திலே ஒரு பக்கத்துக்கே அவர் பேரு. வெளியே அவருக்குச் சிலை. அவரும் மேலே டைரக்டர்கள் வரிசையிலே உட்கார்ந்து ஆட்டத்தைப் பாப்பாரு. இவங்க ஒரு கோல் வாங்கினாப் போதும், டி.வி. காமிரா நேரா அவர் மூஞ்சிக்குத்தான் போகும். பாவம், அவர் ஒண்ணுமே சொல்லலை. சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ஆனா கீழே நிக்கிற மோயஸுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவன் ஆட்டத்தைத்தான் சொன்னான். என்னைக் குத்திக்காட்டுகிற பிள்ளை இல்லை அவன். ஆனால் எனக்குச் சுரீரென்றது. திரும்பிப் பார்த்தேன். மருமகள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். மகன் சொன்ன இன்னொரு விஷயமும் மனசில் ஓடியது. மோயஸ் கைக்கு வந்த குழு, பட்டம் ஜெயித்த குழுவாக இருந்தாலும் வயதான குழு. ஒருத்தர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். இன்னொருத்தருக்கு 39 வயது. தூண் மாதிரி நின்ற தடுப்பாட்டக்காரருக்கு 34. குழுவின் பணவிஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய நிர்வாகியும் ஃபெர்குசனோடு சேர்ந்து அதே கோடையில் விலகிவிட்டார். மோயஸ் பங்குக்கு, பழைய உதவிப் பயிற்சியாளர்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். அதுவும் தப்பாகப் போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. ஆக, தப்பு ஒருத்தர் பக்கம் மட்டும் இல்லை. டப்பா பாதி காலியாக இருக்கும்போது, சமைத்தவளை மட்டும் குறை சொல்ல முடியுமா?

அதைவிட வேடிக்கை, ஃபெர்குசனுக்கே ஆரம்பம் எப்படி இருந்தது தெரியுமா? 1986 நவம்பரில் அவர் பொறுப்பேற்றபோது 22 குழுக்களில் யுனைடெட் 21-ம் இடம். முதல் ஆட்டமே தோல்வி. முதல் கோப்பை கிடைத்தது 1990-ல். மூன்றரை வருஷம் பொறுத்தார்கள்! லீக் பட்டம் 1993-ல்தான் வந்தது. மொத்தம் 38 கோப்பைகள் வாங்கித் தந்த மனுஷருக்கே மூன்றரை வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்து வந்தவருக்கோ பத்து மாதம். என் மருமகளுக்கு நான் கொடுத்தது? எண்ணிப் பார்த்தால் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் காபியை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டேன். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் சகோதரிகளே, முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் கால் தானாக எழுந்திருக்கும். அதட்டி உட்கார வைப்பேன். அந்த மாதமே தங்கை வீட்டுக்கு என்று பதினைந்து நாள் கிளம்பிப் போனேன். கிளம்பும்போது, எது எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குளோப்பும் அப்படித்தான் செய்தார். பாட்டுப் பாடி ஒப்படைத்துவிட்டு, விலகிப் போய்விட்டார். காமிரா தேடிப் பிடிக்க அவர் மூஞ்சி மேல்வரிசையில் இல்லை.

ஸ்லாட் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால், இது மாமியாருக்கு மட்டும் பாடம் இல்லை. புதிதாக வந்தவர்கள் வழக்கமாக, பழசையெல்லாம் தூக்கிப் போடு, புதுசு வாங்கு என்பார்கள். அந்த சீசனில் லிவர்பூலில் ஆடப் புதிதாக வந்து சேர்ந்தவர் ஒரே ஒருத்தர், இத்தாலியர் கியேசா. நடுக்களத்துக்கு வேண்டும் என்று கேட்ட ஒரு ஸ்பானியர் வர மறுத்துவிட்டார். ஸ்லாட் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முந்தின வருஷம் வாங்கி, நிலையான இடம் இல்லாமல் இருந்த ரயன் கிராவன்பெர்க் என்ற இளைஞரைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி அந்த இடத்தில் நிறுத்தினார். அந்த சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்ற விருதை அந்தப் பையனே வாங்கினான்!

தங்கை வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது, அடுப்பில் எங்கள் மாமியார் காலத்துக் கல்சட்டி இருந்தது. பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்ததை எடுத்துத் தேய்த்து, எண்ணெய் தடவிப் பழக்கி, வத்தக்குழம்பு வைத்திருந்தாள் மருமகள். "யூட்யூபிலே பாத்தேன் அத்தை, இதிலே வெச்சாக் குழம்பு ரெண்டு நாள் இருக்குமாம்" என்றாள். கனமாக இருக்கிறது என்று இருபது வருஷத்துக்கு முன் பரணில் ஏற்றியவள் நான்தான். குழம்பில் உப்பு கூடுதல். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. இன்னொரு சாதம் போட்டுக்கொண்டேன்.

ஸ்லாட்டுக்கும் உப்பு கூடிய நாள் வந்தது. செப்டம்பர் 14-ம் தேதி, சொந்த மைதானத்திலேயே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவிடம் ஒரு கோலில் தோற்றார். யாரும் காமிராவைத் திருப்பிப் பழைய ஆளைத் தேடவில்லை. அதற்குப் பிறகு ஏப்ரல் மாதம் வரை லீக் ஆட்டங்களில் அவர் குழு தோற்கவேயில்லை.

அந்தத் தீபாவளிக்கு வந்த நாத்தனார், பந்தியில் எல்லோர் முன்னாலும், "என்ன அண்ணி, மருமக கைப்பக்குவம் எப்படி?" என்று கண்ணடித்துக் கேட்டாள். சாதாரணமாக, "ஏதோ கத்துக்கிறா" என்று சொல்லியிருப்பேன். கத்துக்கிறா என்பதில் என்ன தப்பு என்றும் நினைத்திருப்பேன். அன்று குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன்: "இந்த வீட்டிலே இப்ப அவ சமையல்தான். நானே கேட்டுக் கேட்டுச் சாப்பிடறேன்." எனக்குப் பாட வராது. அதுதான் என் பாட்டு. மருமகள் இலையில் குனிந்து பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஆனால் என் இலைக்கு வந்தபோது இரண்டு கரண்டி கூடவே விழுந்தது.

வாடகை வீட்டுப் பேச்சை அதன்பிறகு மகன் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் போய் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். தனிக்குடித்தனம் குற்றமில்லை, மனசு கசந்து போவதுதான் குற்றம்.

2025 ஏப்ரல் 27-ம் தேதி, டாட்டன்ஹாம் குழுவை ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்து லிவர்பூல் லீக் பட்டத்தை வாங்கியது. நாலு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே! ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் அமர்க்களம். ஸ்லாட் மைக்கைப் பிடித்தார். தன் பெருமையைப் பேசுவார் என்று பார்த்தால், போன வருஷம் தனக்குப் பாடிய அதே மெட்டில், "யூர்கன் குளோப்..." என்று அந்தப் பழையவர் பெயரைப் பாட ஆரம்பித்துவிட்டார்! அரங்கமே சேர்ந்து பாடியது. என் கணவர்கூட இந்தத் தடவை கூத்து என்று சொல்லவில்லை.

கதை அதோடு முடிந்து சுபம் போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். லீக்கில் ஸ்லாட்டின் முதல் ஆட்டத்தில் முதல் கோலைப் போட்ட டியோகோ ஜோட்டா, 2025 ஜூலையில் கார் விபத்தில் 28 வயதிலேயே போய்விட்டார். அன்றைக்கு என் மகன் சாப்பிடவில்லை. அந்த வருஷக் கடைசியில் லிவர்பூலுக்குத் தோல்வி மேல் தோல்வி. பாடிய வாய்களே முணுமுணுத்தன. வீடும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலா, வெண்பொங்கலா என்று முகம் தூக்கிக்கொண்ட நாள் உண்டு.

என் மாமியார் கதையைப் பாதியில் விட்டுவிட்டேனே! ஒன்பதாம் மாதம், அவரே பஸ் பிடித்து என் தாய்வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, என் அம்மாவிடம் சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னார்: "அவங்க மாமா என் ரசத்தை வேண்டாங்கறாரு. இவ வெக்கற மாதிரி வேணுமாம்." அது நிஜமோ பொய்யோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே நான் அவரோடு புறப்பட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சமையலறை வாசலில் அந்த மர நாற்காலி இல்லை. கொல்லைப்புறத்தில், வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்.

அந்த நாற்காலி இப்போதும் எங்களிடம் இருக்கிறது. இப்போது அது எங்கள் திண்ணையில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே ஏதோ தாளிக்கிறாள். பெருங்காயம் போட்ட மாதிரி வாசனை வரவில்லை...

வாயைத் திறக்க மாட்டேன்!